விழுங்கிய குளிசை எங்கே போகிறது?

எமது நாட்டில் மருந்துப் பை இல்லாத வீடு ஒன்றைக் காண்பது அரிது. அலுமாரியின் ஒரு தட்டிலோ பழைய பிஸ்கட் டின் ஒன்றிலோ அது இருக்கும். உம்மும்மாவின் பிரஷர் குளிசை, வாப்பாவின் சீனி வருத்தக் குளிசை, தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி மிஞ்சிய பாணி மருந்து, யாருக்கு எதற்காகத் தந்தது என்றே மறந்துபோன நான்கைந்து மாத்திரைகள் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். தேவைப்படும்போது ஒன்றை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் மருந்தின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்கும் மாணவி. எங்கள் வீட்டில் உம்மும்மாவின் மருந்துகளுக்கு நானே பொறுப்பு. மாதந்தோறும் கிளினிக்கிலிருந்து வரும் மருந்துகளைப் பிரித்து, காலை, பகல், இரவு என்று எழுதி வைப்பது என் வேலை. "இதை ஏன் மகள் சாப்பாட்டுக்கு முன்ன குடிக்கணும்? அது ஏன் ஒரு நேரம், இது ஏன் மூணு நேரம்?" என்று அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியான விடை சொல்ல வேண்டும் என்பதற்காக வாசிக்கத் தொடங்கினேன். அப்படி அறிந்தவற்றை, சகோதரிகளும் பெற்றோரும் விளங்கிக்கொள்ளும் வகையில் இங்கு தர முயல்கிறேன்.

மருந்தியலை இரண்டு கேள்விகளுக்குள் அடக்கலாம். ஒன்று, மருந்துக்கு எமது உடல் என்ன செய்கிறது? மற்றையது, எமது உடலுக்கு மருந்து என்ன செய்கிறது? முதலாவது மருந்தின் பயணம் பற்றியது. இரண்டாவது அதன் தாக்கம் பற்றியது.

மருந்தின் பயணம்

இப்பயணத்தில் நான்கு கட்டங்கள் உள்ளன. அகத்துறிஞ்சல், பரம்பல், அனுசேபம், கழித்தல் என்பனவே அவை.

1. அகத்துறிஞ்சல்

விழுங்கிய குளிசை இரைப்பையில் கரைகிறது. ஆனால் பெரும்பாலான மருந்துகள் குருதிக்குள் நுழையும் இடம் சிறுகுடலாகும். சாதாரண தரத்தில் நாம் படித்த சடைமுளைகள் உணவை மட்டுமல்ல, மருந்தையும் உறிஞ்சுகின்றன. அவ்விடத்தில் மருந்தோடு வேறு எது இருக்கிறது என்பது மிக முக்கியம்.

பாடசாலையில் எமக்குத் தரப்படும் இரும்புச்சத்துக் குளிசையை எடுத்துக்கொள்வோம். அதைக் குடித்த கையோடு பிளேன்டீ குடித்தால், தேயிலையிலுள்ள தனின்கள் இரும்போடு சேர்ந்து அதை உறிஞ்ச முடியாத பொருளாக மாற்றிவிடுகின்றன. அதே குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் அதிலுள்ள விற்றமின் சி இரும்பின் அகத்துறிஞ்சலைக் கூட்டுகிறது. அதுபோலவே தெத்திரசைக்கிளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாலோடு எடுக்கக் கூடாது. பாலிலுள்ள கல்சியம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தைரொக்சின் குளிசையை அதிகாலையில் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வதும் உணவு அதன் அகத்துறிஞ்சலைக் குறைப்பதனால்தான்.

சில மருந்துகளை விழுங்கவே முடியாது. இன்சுலின் ஒரு புரதம். அதைக் குடித்தால் இறைச்சியும் முட்டையும் சமிபாடடைவது போல அதுவும் சமிபாடடைந்துவிடும். ஆகவேதான் ஊசியாக ஏற்றுகிறார்கள். வேறு சில குளிசைகள் இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சுடனோ, பல மணிநேரம் சிறிது சிறிதாக மருந்தை வெளிவிடும் அமைப்புடனோ செய்யப்படுகின்றன. முதியவர்களுக்கு விழுங்கக் கஷ்டம் என்று அவற்றை அம்மியில் வைத்து நுணுக்கிக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் குருதியில் இறங்கிவிடும். நுணுக்குவதற்கு முன் மருந்தாளரிடம் கேட்க வேண்டும்.

குடலிலிருந்து புறப்படும் குருதி நேரே இதயத்துக்குப் போவதில்லை. அது வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலுக்குச் செல்கிறது. ஈரல் ஒரு சுங்கச் சாவடி போன்றது. சில மருந்துகளின் பெரும்பகுதியை முதல் தடவையிலேயே அது அழித்துவிடும். நெஞ்சுவலிக்கான கிளிசரைல் திரைநைத்திரேற்றுக் குளிசையை நாக்கின் கீழ் வைக்கச் சொல்வது இதனால்தான். நாக்கின் கீழுள்ள நுண்குழாய்கள் வழியாக அது ஈரலைத் தாண்டாமலே இதயத்தை அடைந்து, சில நிமிடங்களில் வேலை செய்கிறது. பதற்றத்தில் அதை விழுங்கிவிட்டால் பெரும்பகுதி வீணாகிவிடும். வீட்டில் இருதய நோயாளி ஒருவர் இருந்தால் இந்த ஒரு விடயத்தை எல்லோரும் அறிந்திருப்பது அவசியம்.

2. பரம்பல்

தலைவலிக்கு எடுத்த குளிசைக்குத் தலை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது குருதியோடு கால் விரல் வரை எல்லா இடத்துக்கும் போகிறது. வலியுள்ள இடத்தில் பயன் தெரிகிறது. மற்ற இடங்களில் அதே மருந்து செய்வதைத்தான் நாம் பெரும்பாலும் பக்கவிளைவு என்கிறோம்.

ஆயினும் மூளைக்கு ஒரு காவல் உண்டு. மூளையின் குருதி நுண்குழாய்களின் கலங்கள் மிக நெருக்கமாக இணைந்து, பல பொருட்களை உள்ளே விடாமல் தடுக்கின்றன. தடிமனுக்கும் தும்மலுக்கும் எடுக்கும் குளோர்பெனிரமின் இந்தக் காவலைக் கடந்து உள்ளே செல்வதால்தான் நித்திரை வருகிறது. லொரடடீன் போன்ற புதிய மருந்துகள் மிகக் குறைவாகவே உள்ளே நுழைகின்றன. பரீட்சைக் காலத்தில் தடிமன் பிடித்தால் எதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுப்பது நல்லது.

தாயின் குருதியிலுள்ள பல மருந்துகள் சூல்வித்தகத்தைக் கடந்து கருவிலுள்ள குழந்தையையும், தாய்ப்பால் வழியாகக் கைக்குழந்தையையும் அடைகின்றன. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எந்த மருந்தை எடுக்குமுன்பும் தம் நிலையை வைத்தியரிடம் கூற வேண்டும்.

3. அனுசேபம்

பல மருந்துகள் கொழுப்பில் கரைபவை. அப்படியே இருந்தால் அவற்றைச் சிறுநீரில் வெளியேற்றுவது கடினம். ஆகவே ஈரலிலுள்ள நொதியங்கள் அவற்றை நீரில் கரையும் பொருட்களாக மாற்றுகின்றன. இந்நொதியங்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பரம்பரை, வயது, ஈரல் நோய், கூடவே எடுக்கும் மற்ற மருந்துகள் ஆகிய யாவும் அவற்றின் வேகத்தை மாற்றுகின்றன.

குழந்தை என்பது சிறிய அளவிலான பெரியவர் அல்ல. 1950களில் குளோரம்பெனிக்கோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள் சிலர் உடல் சாம்பல் நிறமாகி மரணமடைந்தனர். அம்மருந்தை மாற்றும் நொதியம் அவர்களது ஈரலில் இன்னும் முதிர்ச்சியடைந்திருக்கவில்லை. அதனால் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகியது. குழந்தைகளுக்கு மருந்தை நிறைக்கேற்பக் கணக்கிடுவதை மருத்துவ உலகம் அழுத்தமாகக் கற்றுக்கொண்ட பாடங்களுள் இதுவும் ஒன்று.

பரசிட்டமோலைப் பொறுத்தவரை குழந்தையின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு ஒரு தடவையில் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 16 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு 240 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் 10 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும். ஆனால் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் உள்ள போத்தல்களும் உண்டு. லேபலைப் பார்க்காமல் அதே 10 மில்லிலீற்றரைக் கொடுத்தால் இரு மடங்கு மருந்து போய்விடும். அளப்பதற்கும் வீட்டுக் கரண்டி உதவாது. ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வோர் அளவு. போத்தலோடு வரும் அளவுக் குவளையையே பாவிக்க வேண்டும்.

4. கழித்தல்

சிறுநீரகங்களே பிரதான வெளியேற்று வாயில். இதை விளக்க நான் வாசித்தவற்றுள் என் மனதை மிகவும் பாதித்த வரலாறு ஒன்றைக் கூறுகிறேன்.

அலெக்ஸாண்டர் பிளெமிங் 1928ஆம் ஆண்டு பெனிசிலினைக் கண்டறிந்தார். அதை மருந்தாக்கும் பணியில் ஒக்ஸ்போர்டில் ஹோவார்ட் புளோரி, எர்னஸ்ட் செயின், நோர்மன் ஹீட்லி ஆகியோர் ஈடுபட்டனர். 1941 பெப்ரவரியில் அல்பர்ட் அலெக்ஸாண்டர் என்னும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு அது ஊசி மூலம் ஏற்றப்பட்டது. முகத்தில் ஏற்பட்ட கடுமையான தொற்றினால் அவர் ஒரு கண்ணையே இழந்து மரணப்படுக்கையில் கிடந்தார். மருந்து ஏற்றியதும் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடத் தொடங்கினார். ஆனால் பெனிசிலினைச் சிறுநீரகங்கள் மிக விரைவாக வெளியேற்றிவிடுகின்றன. கையிருப்போ மிகக் குறைவு. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் அவரது சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினை மீண்டும் பிரித்தெடுத்து அவருக்கே ஏற்றினர். சில நாட்களில் அதுவும் தீர்ந்தது. தொற்று திரும்பி வந்தது. மார்ச் மாதத்தில் அவர் இறந்துபோனார். மருந்து சரியானதுதான். ஆனால் குருதியில் அதன் செறிவைப் போதிய நாட்கள் நிலைநிறுத்த முடியவில்லை.

வைத்தியர் எழுதித் தந்த நுண்ணுயிர்க்கொல்லியை, காய்ச்சல் விட்டதும் இடையில் நிறுத்துபவர்களை எண்ணும்போது எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வருகிறது. அந்த மனிதருக்கு மருந்து இல்லை. எமக்கோ மருந்து அலுமாரியில் இருக்கிறது.

சிறுநீரகம் பழுதடைந்தால் இதற்கு எதிரானது நடக்கும். வெளியேற வேண்டிய மருந்து தேங்கும். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெற்போமின் ஈரலில் மாற்றமடையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. கிளினிக்கில் அடிக்கடி குருதிப் பரிசோதனை செய்யச் சொல்வது இதையும் கவனிப்பதற்காகத்தான். "சும்மா சும்மா ரத்தம் எடுக்காங்க" என்று சலித்துக்கொள்ளும் உம்மும்மாவுக்கு நான் இதை விளக்கிய பின் அவர் ஒரு தவணையையும் விடுவதில்லை.

அரை ஆயுட்காலம்

குருதியிலுள்ள மருந்தின் செறிவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரமே அரை ஆயுட்காலம். 100 பங்கு மருந்து ஓர் அரை ஆயுளில் 50 ஆகும். பின்னர் 25, 12.5, 6.25 எனக் குறைந்து ஐந்தாவதில் ஏறத்தாழ 3 ஆகும். அதாவது ஐந்து அரை ஆயுட்காலத்தில் மருந்தில் 97 சதவீதம் போய்விடும்.

பரசிட்டமோலின் அரை ஆயுள் 2 முதல் 3 மணித்தியாலம். ஆகவேதான் காய்ச்சல் நீடித்தால் ஒரு நாளில் பல தடவை எடுக்க வேண்டியுள்ளது. தைரொக்சினின் அரை ஆயுள் சுமார் 7 நாட்கள். ஆகவே நாளுக்கு ஒரு தடவை போதும். அளவை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரிய ஐந்து அரை ஆயுள், அதாவது ஐந்து வாரங்கள் செல்லும். "புதிய குளிசை குடித்து நாலு நாளாச்சு, ஒரு மாற்றமும் இல்லை" என்று கைவிடுவது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாக எடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பழையதின் மீதி இருக்கும்போது புதியது இரட்டையாகச் சேர்ந்தால் செறிவு நஞ்சின் எல்லையைத் தொடலாம்.

மருந்தின் தாக்கம்

எமது கலங்களின் மேற்பரப்பிலும் உள்ளேயும் வாங்கிகள் எனப்படும் புரதங்கள் உள்ளன. இவை பூட்டுகள் போன்றவை. உடலின் ஓமோன்களும் வேறு இரசாயனங்களும் அவற்றின் திறப்புகள். பல மருந்துகள் இத்திறப்புகளைப் போலச் செய்யப்பட்டவை. சில பூட்டைத் திறக்கும். சில பூட்டுக்குள் போய் இறுகி, உண்மையான திறப்பு நுழையாமல் தடுக்கும்.

தொய்வு நோயாளிகள் பாவிக்கும் சல்பியூட்டமோல், சுவாசக் குழாய்களிலுள்ள ஒரு வகை வாங்கியைத் தூண்டி அவற்றை விரிக்கிறது. இன்ஹேலரில் இரண்டு தடவை இழுத்தால் உள்ளே செல்வது 200 மைக்குரோகிராம், அதாவது 0.2 மில்லிகிராம். அதே மருந்தைக் குளிசையாக எடுத்தால் 4 மில்லிகிராம் வரை தேவைப்படும். இது 20 மடங்கு. நேரே சுவாசப்பைக்குச் செல்வதால் சிறிய அளவே போதும். கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் குறைவு. பெண் பிள்ளை இன்ஹேலர் பாவித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பாணி மருந்தையே தேடும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஜேம்ஸ் பிளாக் என்னும் விஞ்ஞானி 1960களில் உருவாக்கிய புரோபிரனலோல் இதற்கு எதிர்மாறானது. அது இதயத்தின் வாங்கிகளை அடைத்துப் படபடப்பைக் குறைக்கிறது. ஆனால் சுவாசக் குழாயின் வாங்கிகளையும் அடைத்துவிடுகிறது. எங்கள் அயலில் ஒரு மாமி, நெஞ்சு படபடக்கிறது என்று உறவினர் ஒருவரின் குளிசையை வாங்கிக் குடித்தார். அது புரோபிரனலோல். மாமிக்குத் தொய்வு உண்டு. அன்றிரவு மூச்சு விட முடியாமல் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். குளிசை கொடுத்தவர் அன்பினால்தான் கொடுத்தார். ஆனால் ஒருவரின் மருந்து இன்னொருவரின் நஞ்சாகலாம் என்பதை அன்று எங்கள் தெருவே அறிந்துகொண்டது.

சில மருந்துகளின் தாக்கம், மருந்து போன பின்பும் நீடிக்கும். அஸ்பிரின் குருதியில் இருப்பது மிகக் குறுகிய நேரமே. ஆனால் அது குருதிச் சிறுதட்டுகளின் நொதியத்தை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது. அச்சிறுதட்டின் ஆயுள் முடியும் வரை, ஏறத்தாழ 10 நாட்கள், அதன் உறைதல் ஆற்றல் குன்றியிருக்கும். அடைப்பு ஏற்படக்கூடிய இருதய நோயாளிக்கு இது நன்மை. சிறுதட்டுகள் குறைந்து குருதி கசியும் டெங்குக் காய்ச்சலில் இதுவே ஆபத்து. ஆகவேதான் காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுரொபன், டைக்குளோபினாக் போன்றவற்றைத் தாமாக எடுக்க வேண்டாம், பரசிட்டமோல் மட்டும் போதும் என்று எமது நாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

அளவும் நஞ்சும்

பரசிட்டமோல் பாதுகாப்பானது என்பது அளவோடு எடுக்கும்வரைதான். பெரியவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் ஆகக் கூடியது 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. இம்மருந்தின் ஒரு சிறு பகுதி ஈரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுத்தாதயோன் என்ற பொருள் அதை உடனே செயலிழக்கச் செய்கிறது. அளவு மிஞ்சினால் குளுத்தாதயோன் தீர்ந்துபோய் ஈரல் கலங்கள் இறக்கத் தொடங்கும். இதில் பயங்கரம் என்னவென்றால், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது ஈரல் பழுதடைந்திருக்கும். மாற்று மருந்து உண்டு. ஆனால் அதை முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பலன் மிக அதிகம். எனவே அளவு கூடிவிட்டது என்று அறிந்தால், நலமாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அளவு கூடுவது பெரும்பாலும் பெயர் தெரியாமையால் நடக்கிறது. காய்ச்சலுக்கு ஒரு பெயரிலும், தடிமனுக்கு இன்னொரு பெயரிலும், உடம்பு நோவுக்கு மூன்றாவது பெயரிலும் வாங்கும் குளிசைகள் மூன்றிலும் பரசிட்டமோலே இருக்கலாம். பெட்டியில் வியாபாரப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் உண்மையான பெயர். மருந்துகளை அந்தப் பெயரிலேயே எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று போராடியவர் எமது நாட்டின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. ஏழைக்கும் தரமான மருந்து குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அப்பெயரை வாசிக்கப் பழகுவது எமது பணத்தையும் காக்கும், ஈரலையும் காக்கும்.

நோன்பும் மருந்தும்

இலங்கையில் நோன்பு ஏறத்தாழ 13 முதல் 14 மணித்தியாலம். நோன்பு திறப்பதற்கும் ஸஹருக்கும் இடையே கிடைப்பது சுமார் 10 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மூன்று வேளை மருந்தை இதற்குள் திணித்தால் இரவில் செறிவு மிகையாகி, பகலில் இல்லாமல் போகும். சீனி வருத்தத்துக்கான சில குளிசைகளையும் இன்சுலினையும் வழமையான அளவில் எடுத்துவிட்டுப் பகல் முழுதும் உண்ணாதிருந்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைச் சந்திக்க வேண்டும். பல மருந்துகளை ஒருநாளைக்கு ஒருமுறை எடுக்கும் மெதுவாக வெளிவிடும் வகைக்கு மாற்ற முடியும். மாற்ற முடியாத நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதைப் பெறுவது குறையல்ல.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு சீனா தமது அல்கானூன் நூலில் மருந்துகளைச் சோதிப்பதற்கு விதிகள் வகுத்தார். மருந்து எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும், குறைந்த அளவில் தொடங்க வேண்டும், மிருகத்தில் கண்டதை வைத்து மனிதனுக்கு முடிவு செய்யக் கூடாது என்பன அவற்றுள் சில. நேரமும் அளவும் ஆளும் முக்கியம் என்று அன்றே அவர் உணர்ந்திருந்தார்.

சகோதரிகளே, அடுத்த முறை பாமசிக்குச் செல்லும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இதன் உண்மையான பெயர் என்ன? எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? எத்தனை நாட்களுக்கு? வீட்டில் எடுக்கும் மற்ற மருந்துகளோடு இது சேருமா? கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. விடைகளை ஒரு கொப்பியில் எழுதி மருந்துப் பையிலேயே வையுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் எமது முதியோருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அது.